தக்கையும் இரட்டை ஃப்ளையும்

ஃப்ளை தூண்டிலில் தக்கைக்கு இரண்டு வேலைகள் உண்டு. பூச்சியைப் போலக் கட்டிய செயற்கை இரையான ஃப்ளையைக் குறிப்பிட்ட ஆழத்தில் நிறுத்துவது ஒன்று. மீன் அதை வாயில் வாங்கியதைக் கரைக்குத் தெரிவிப்பது மற்றொன்று. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் கண்ணாக இருந்து முதலாவதைக் கோட்டை விடுகிறார்கள். மீன் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மேயும்போது ஃப்ளை அரை மீட்டரில் தொங்கினால், எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தக்கை அசையப் போவதில்லை. ஆகவே இந்த அத்தியாயம் ஆழம் அறிவதில் தொடங்கி, தக்கை கட்டுதல், இரண்டாவது ஃப்ளை சேர்த்தல், வீசுதல், சுண்டுதல், பாதுகாப்பு என்ற வரிசையில் செல்கிறது. எடுத்துக்காட்டுகள் மலேசியாவின் பேராக் மாநில நீர்நிலைகளைச் சார்ந்தவை.

## நீரைப் பொறுத்தே அமைப்பு

பேராக்கில் தக்கை பயன்படும் நீர்நிலைகளை நான்காகப் பிரிக்கலாம்.

ஈயக் குட்டைகள். ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், மாலிம் நாவார், கம்பார் வட்டாரங்களில் வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள் நீர் நிறைந்து கிடக்கின்றன. 1985இல் வெள்ளீய விலை சரிந்து சுரங்கத் தொழில் ஓய்ந்தபின் இவற்றில் பல மீன், இறால் வளர்ப்புக்குப் போயின. திலாப்பியா, லம்பாம், தோமான் ஆகியவை இங்கே வழக்கமான மீன்கள். நீர் ஓடாது, கரையிலிருந்து ஓரிரு அடியிலேயே ஆழம் சடாரென இறங்கும்.

மலையோடைகள். தித்திவங்சா மலைத்தொடரிலிருந்து மேற்கே இறங்கும் கம்பார் ஆறு, பத்தாங் பாடாங் ஆறு, பிளஸ் ஆறு ஆகியவற்றின் மேல்பகுதிகளும் அவற்றின் கிளை ஓடைகளும் இவ்வகை. பாறை, சலசலப்பு, இடையிடையே மடு. தெங்காஸ், செபாராவ், அருகிப்போன கெலா ஆகியவை இத்தகைய நீருக்குரியவை.

அணைத் தேக்கங்கள். பேராக் ஆற்றில் மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டேரோ என நான்கு அணைகள் உள்ளன. இவற்றின் அமைதியான ஓரங்களில் ஈயக் குட்டைக்குரிய முறையே பொருந்தும்.

தோட்டத்து நீர். பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்டத்துக் குளங்களிலும் அகன்ற வாய்க்கால்களிலும் திலாப்பியாவும் விராலும் இருக்கும். ஆழம் குறைவு, பாசி அதிகம். இங்கே தக்கையை ஃப்ளைக்கு மேலே 50 முதல் 80 செ.மீ. தூரத்தில் கட்டினாலே போதும்.

குறிப்பு: பல குட்டைகள் தனியாருக்கோ வளர்ப்பாளருக்கோ உரியவை. தோட்டங்களும் அப்படியே. அனுமதி கேட்டபின்பே கோலை விரிக்க வேண்டும். ரோயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் நுழைய முன் அனுமதிச் சீட்டு தேவை. உள்நாட்டு மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பில் இருப்பதால், ஆற்றின் எந்தப் பகுதியில் தடை உண்டு என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

## தேவையான பொருள்கள்

- 9 அடி நீளமுள்ள 5 அல்லது 6 எண் கோல். ஒடுங்கிய ஓடைக்கு 4 எண்ணும் போதும்.
- மிதக்கும் ஃப்ளை நூல். மூழ்கும் நூலில் தக்கை முறை சரிப்படாது.
- 9 அடி லீடர் (ஃப்ளை நூலின் முனையில் கட்டும் மெல்லிய நூல்), முனை 3எக்ஸ்.
- 3எக்ஸ், 4எக்ஸ், 5எக்ஸ் டிப்பெட் (லீடர் முனையில் சேர்த்து ஃப்ளை கட்டும் நூல்) சுருள்கள். எக்ஸ் எண் கூடக் கூட நூல் மெலியும்: 3எக்ஸ் சுமார் 0.20 மி.மீ., 4எக்ஸ் 0.18 மி.மீ., 5எக்ஸ் 0.15 மி.மீ.
- இரண்டு மூன்று வகைத் தக்கைகள்.
- சிறிய ஈயக் குண்டுகள், அல்லது ஈயம் கலக்காத குண்டுகள்.
- நகவெட்டி, ஃபோர்செப்ஸ், கைவலை.
- போலரைஸ்டு கண்ணாடி, விளிம்புள்ள தொப்பி.

ஃப்ளைகளில் மணி வைத்த நிம்ப் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போன்ற ஃப்ளை) 10 முதல் 14 அளவு வரை, இரத்தப்புழுவைப் போன்ற சிவப்பு ஃப்ளை 12 அல்லது 14 அளவு, ஃபோம் வைத்துக் கட்டிய எறும்பு அல்லது ஈசல் 8 அளவு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். முள்ளின் அளவு எண் கூடினால் முள் சிறியது என்று பொருள். டங்ஸ்டன் மணி பித்தளை மணியைவிட இரு மடங்குக்கும் மேல் அடர்த்தி கொண்டது; அதே பருமனில் வேகமாக இறங்கும்.

எல்லா முள்களிலும் எதிர்முள்ளை ஃபோர்செப்ஸால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். இரண்டு முள் கொண்ட அமைப்பில் இது கட்டாயம் என்றே கொள்ளலாம்.

## தக்கை வகைகள்

கடைகளில் ஸ்ட்ரைக் இண்டிகேட்டர் என்ற பெயரில் விற்கப்படுபவை பலவிதம். வேலைக்கு நான்கு வகைகள் போதும்.

கம்பளித் தக்கை. நுரைபோன்ற செயற்கை இழைத் துணுக்கு, மெல்லிய குழாய்த்துண்டால் லீடரில் பிடித்துவைக்கப்படும். விழும்போது சத்தமில்லை, மெல்லிய கொத்தையும் காட்டும். மிதப்புப் பசை தடவாவிட்டால் நீர் குடித்து மூழ்கும். தெளிந்த ஓடைக்கும் கூச்சமுள்ள மீனுக்கும் ஏற்றது.

உருண்டைத் தக்கை. காற்றடைத்த பிளாஸ்டிக் அல்லது ஃபோம் உருண்டை. கனமான ஃப்ளையையும் ஈயக் குண்டையும் தாங்கும். விழும் சத்தம் அதிகம். குட்டைக்கும் கலங்கிய நீருக்கும் ஏற்றது.

நழுவும் தக்கை. மீன் மாட்டி இழுத்ததும் பிடி விட்டு லீடரில் கீழே நழுவிவிடும். ஆழ்நீருக்கு இது இல்லாமல் முடியாது. 9 அடிக் கோலில் தக்கைக்கும் ஃப்ளைக்கும் இடையே 2.4 மீட்டருக்கு மேல் போனால், சாதாரணத் தக்கை கோல் நுனி வளையத்தில் முட்டி நின்றுவிடும். மீன் கைவலைக்கு எட்டாது.

மிதக்கும் ஃப்ளையே தக்கை. ஃபோம் எறும்போ ஈசலோ மேலே மிதக்க, அதன் முள்ளிலிருந்து நிம்ப் தொங்கும். மழை விட்ட அந்தியில் ஈசல் பறக்கும் நேரத்தில் மேல் ஃப்ளையையே மீன் எடுத்துவிடும். மற்ற நேரங்களில் அது தக்கையாக இருக்கும்.

நிறம்: ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் நிழல் விழுந்த நீரில் பளிச்செனத் தெரியும். வெயில் சாய்ந்து நீர் வெள்ளித்தகடாய் மின்னும்போது கறுப்புத் தக்கைதான் கண்ணுக்குப் படும். நுரை மிதக்கும் ஓடையில் வெள்ளைத் தக்கை மீனை மிரட்டாது. ஆனால் பார்ப்பவரின் கண்ணும் ஏமாறக்கூடும்.

## ஆழம் அளந்து தக்கை கட்டுதல்

### ஓடாத நீரில்

1. படித்துறை, படகு, உறுதியான கரை என ஆழ்நீருக்கு நேர் மேலே கோல் நுனி எட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
2. அடி ஃப்ளையின் முள்ளில் ஃபோர்செப்ஸைக் கவ்வ விட வேண்டும்.
3. அதை மெல்ல நீரில் இறக்கி, அடித்தளத்தைத் தொட்டு நூல் தளர்வதைக் கவனிக்க வேண்டும்.
4. நூல் நிமிர்ந்து நிற்கும் நிலையில், தக்கை நீர்மட்டத்துக்குக் கீழே 20 முதல் 30 செ.மீ. வரை இருக்கும்படி அதை லீடரில் நகர்த்த வேண்டும்.
5. ஃபோர்செப்ஸை எடுத்துவிட்டு வீசினால், தக்கை மேலே மிதக்கும். ஃப்ளை அடித்தளத்திலிருந்து அதே 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கும்.

ஈயக் குட்டையின் அடியில் சேறு மிகுதி. ஃபோர்செப்ஸ் சேற்றில் புதைந்தால் அளவு தவறும். நூல் தளர்ந்த கணத்தையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும். மேலும் இறக்கக் கூடாது.

### ஓடும் நீரில்

ஓடையில் நூல் செங்குத்தாக நிற்காது; சாய்ந்தே போகும். எனவே நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் தக்கை கட்டுவது தொடக்க விதி. 1.2 மீட்டர் ஆழ மடுவுக்குத் தக்கை ஃப்ளைக்கு மேலே 1.8 மீட்டரில் இருக்கும். அதன்பின் நீரே திருத்தம் சொல்லும்:

- நான்கைந்து முறை மிதக்க விட்டதில் ஒருமுறை ஃப்ளை அடியைத் தொட்டுத் தக்கை திடுக்கிட்டால் ஆழம் சரி.
- ஒவ்வொரு முறையும் சிக்கினால் தக்கையை 15 செ.மீ. கீழே இறக்க வேண்டும்.
- ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் முதலில் எடையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பிறகே தக்கையை மேலே ஏற்ற வேண்டும்.

ஒரே மடுவிலும் தலைப்பகுதி, நடு, வால்பகுதி என்று ஆழம் மாறும். இடம் மாறும்போதெல்லாம் தக்கையையும் நகர்த்தும் பழக்கம் வர வேண்டும். ஃப்ளையை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றிப் பார்ப்பதே முறை.

### ஈயக் குண்டு

குண்டை மேல் ஃப்ளைக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே கவ்வ விட வேண்டும். ஒரு பெரிய குண்டைவிட இரண்டு சிறிய குண்டுகள் மேல். ஒன்றைக் கழற்றி எடையை உடனே குறைக்கலாம். குண்டு வழுக்கி ஃப்ளைமீது இறங்கினால், அதற்குக் கீழே ஒரு சிறு முடிச்சு போட்டுத் தடுக்கலாம். மணி வைத்த ஃப்ளையே ஆழம் தொட்டுவிட்டால் குண்டு வேண்டாம்.

## இரண்டாவது ஃப்ளை

இரண்டு ஃப்ளை கட்டினால் இரண்டு ஆழங்களையும் இரண்டு வகை இரைகளையும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். அதோடு நூல் சிக்கும் வாய்ப்பும் கூடும். தக்கையுடன் ஒற்றை ஃப்ளையைச் சிக்கலின்றி வீச வந்தபின் இரண்டாவதைச் சேர்ப்பதே வரிசை. மூன்றாவது ஃப்ளை மரம் சூழ்ந்த பேராக் ஓடைகளுக்கு ஒத்துவராது.

### முறை 1: முள்வளைவில் கட்டுதல்

1. மேல் ஃப்ளையை லீடர் நுனியில் வழக்கம்போல் கட்ட வேண்டும்.
2. அதைவிட ஒரு எண் மெல்லிய டிப்பெட்டை 60 செ.மீ. வெட்ட வேண்டும். லீடர் 3எக்ஸ் என்றால் இது 4எக்ஸ்.
3. டிப்பெட்டின் ஒரு முனையில் தளர்வான கிளிஞ்ச் முடிச்சை ஐந்து சுற்றுடன் போட்டு, வளையத்தை மேல் ஃப்ளையின் முள்வளைவில் மாட்ட வேண்டும்.
4. எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். காய்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நூல் பலமிழக்கும்.
5. மறுமுனையில் அடி ஃப்ளையைக் கட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே 40 முதல் 50 செ.மீ. இருக்க வேண்டும்.

மெல்லிய டிப்பெட்டைக் கீழே வைப்பதற்குக் காரணம் உண்டு. அடி ஃப்ளை கட்டையில் சிக்கி அறுந்தாலும் மேல் ஃப்ளையும் தக்கையும் தப்பும்.

எதிர்முள் நசுக்கிய முள்ளின் வளைவிலிருந்து முடிச்சு சில சமயம் நழுவும். அப்படி நேர்ந்தால் டிப்பெட்டை முள்வளைவில் கட்டாமல் மேல் ஃப்ளையின் கண்ணிலேயே கட்டிவிடலாம்.

### முறை 2: கிளைநூலில் கட்டுதல்

1. லீடர் முனையையும் 70 செ.மீ. டிப்பெட் துண்டையும் எதிரெதிராக 25 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும்.
2. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு வளையம் செய்து, லீடரின் நுனியையும் டிப்பெட்டின் நீண்ட பகுதியையும் ஒன்றாக அந்த வளையத்துக்குள் இரண்டு முறை நுழைக்க வேண்டும். இதுவே சர்ஜன் முடிச்சு.
3. நனைத்து, நான்கு இழைகளையும் சேர்த்து இறுக்க வேண்டும்.
4. இப்போது முடிச்சிலிருந்து இரண்டு சிறு முனைகள் நீளும். கீழ்நோக்கியது லீடரின் முனை. மேல்நோக்கியது டிப்பெட்டின் முனை. மேல்நோக்கியதை ஒட்ட வெட்டிவிட வேண்டும்.
5. கீழ்நோக்கிய முனையை 12 முதல் 15 செ.மீ. விட்டு அதில் மேல் ஃப்ளையைக் கட்ட வேண்டும். நீண்ட டிப்பெட்டின் முனையில் அடி ஃப்ளை.

இம்முறையில் மேல் ஃப்ளை தடையின்றி அசையும். கிளைநூல் 15 செ.மீ. தாண்டினால் முதன்மை நூலைச் சுற்றிக்கொள்ளும். ஃப்ளையை இரண்டு மூன்று முறை மாற்றினால் கிளைநூல் குட்டையாகிவிடும்; அப்போது முடிச்சைப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

### மூன்று தயார் அமைப்புகள்

ஈயக் குட்டைத் திலாப்பியா (தோமான் இல்லாத குட்டைக்கு மட்டும்). உருண்டைத் தக்கை; மேலே பாசிப்பச்சை நிம்ப் 10 அளவு; 45 செ.மீ. கீழே சிவப்பு இரத்தப்புழு 12 அல்லது 14 அளவு. அடி ஃப்ளை தரைக்கு 20 செ.மீ. மேலே நிற்கட்டும். ஈயக் குண்டு வேண்டாம்.

ஆழம் குறைந்த ஓடை. தக்கைக்குப் பதில் ஃபோம் ஈசல் 8 அளவு. அதன் முள்வளைவிலிருந்து 50 செ.மீ. 4எக்ஸ் டிப்பெட்; முனையில் மணி வைத்த நிம்ப் 12 அளவு. நிம்பின் எடை ஈசலை மூழ்கடிக்காமல் இருக்கிறதா என்று கரையோர நீரில் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வேகமான ஆழ் மடு. கம்பளித் தக்கை பெரிதாக, மேலே டங்ஸ்டன் மணி நிம்ப் 8 அல்லது 10 அளவு, 40 செ.மீ. கீழே எடையில்லாத சிறு நிம்ப் 12 அளவு. கனமானது ஆழத்துக்கு இழுத்துச் செல்ல, சிறியது அதன்பின் இயல்பாக அலையும்.

குறிப்பு: தோமான் இருக்கும் நீரில் இரட்டை ஃப்ளை வேண்டாம். அதன் பல் மெல்லிய டிப்பெட்டை அறுத்துவிடும். கெலா மீனுக்கும் ஒற்றை ஃப்ளையே பொருத்தம். செம்பனைப் பழத்தைத் தின்னப் பழகிய கெலாவுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் பருத்த ஃப்ளையை 0எக்ஸ் அல்லது 1எக்ஸ் டிப்பெட்டில் தனியாகக் கட்டலாம். இரட்டை ஃப்ளை கட்டினால், கெலா பாறையிடுக்கை நோக்கி ஓடும்போது தொங்கும் இரண்டாவது முள் எங்காவது மாட்டி நூல் அறுந்துபோகும்.

## வீசுதல்

தக்கை, குண்டு, இரண்டு ஃப்ளை எல்லாம் சேர்ந்தால் லீடர் கனத்துவிடும். ஒற்றை ஃப்ளைக்குரிய இறுக்கமான வீச்சில் இவை ஒன்றோடொன்று மோதிப் பின்னிக்கொள்ளும். அகலமான வளையம், நிதானமான வேகம், குறைந்த வீச்சு: இம்மூன்றும் அடிப்படை.

### ஓடையில்

1. 6 முதல் 8 மீட்டர் நூலைக் கீழ்நீரோட்டத்தில் விட்டு நேராகும்வரை காத்திருக்க வேண்டும்.
2. கோல் நுனியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
3. நீரின் பிடியே கோலை வளைக்கும். அந்த இழுப்பை வைத்து மேல்நீரோட்டத்தை நோக்கி ஒரே வீச்சாக, மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி வீச வேண்டும்.
4. கோலை உயரத்தில் நிறுத்த வேண்டும். நடுவானில் முன்பின் ஆட்டக் கூடாது.

### குட்டையில்

1. கோலை மெல்ல உயர்த்தித் தக்கை நீரை விட்டுக் கிளம்பும்வரை நூலைத் தூக்க வேண்டும்.
2. பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகவும் முன்வீச்சைத் தலைக்கு மேலாகவும் நீள்வட்டமாகச் செய்ய வேண்டும். நூலில் இழுப்பு அறாமல் இருப்பதால் சிக்கல் குறையும்.
3. பின்னால் செம்பனை மட்டையோ புதரோ இருந்தால் பின்வீச்சு இல்லாத ரோல் வீச்சு ஒன்றே வழி.

குறிப்பு: 10 மீட்டருக்கு அப்பால் தக்கையைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது. தூரம் வேண்டுமானால் நடந்து இடம் மாறுவது மேல்.

## மிதக்க விடுதலும் சுண்டுதலும்

ஓடையில் மேல்நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும். ஆகவே சரியாக மிதக்கும் தக்கை, பக்கத்தில் போகும் நுரைக்குமிழியைவிடச் சற்றுப் பின்தங்கும். குமிழியை முந்தினால் நூல் தக்கையை இழுக்கிறது என்று பொருள். ஃப்ளையும் மேலே எழும்பியிருக்கும்.

இதைத் திருத்த மெண்டிங் உதவும். நடு ஓட்டத்தில் நூல் வளைந்து கீழே போகத் தொடங்கியதும், கோல் நுனியால் அந்த வளைவை மட்டும் தூக்கி மேல்நீரோட்டப் பக்கம் வைக்க வேண்டும். தக்கை நகரக் கூடாது. தக்கை விழுந்த உடனே ஒருமுறை இதைச் செய்துவிட்டால், பின்னர் சிறு திருத்தங்களே போதும்.

ஃப்ளை ஆழம் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம் தெளிவானது. விழுந்தவுடன் தக்கை நூலின் பக்கம் சாய்ந்து, லேசாக ஆடிக்கொண்டே வரும். ஓரிரு மீட்டர் போனபின் ஆட்டம் அடங்கி, வேகம் ஒரு படி குறைந்து, நிமிர்ந்து உட்காரும். அதிலிருந்து கோல் கீழ்நீர்ப் பக்கம் திரும்பும்வரை உள்ள சில நொடிகளே பயனுள்ள ஓட்டம். அந்த நொடிகளில் கண்ணைத் தக்கையிலிருந்து எடுக்கக் கூடாது.

தக்கை முழுவதும் மூழ்குவதற்காகக் காத்திருப்பது பெரும் பிழை. திலாப்பியா ஃப்ளையை உறிஞ்சி, ஒவ்வாவிட்டால் ஓரிரு நொடியில் துப்பிவிடும். பின்வருவனவற்றில் எது நடந்தாலும் சுண்ட வேண்டும்:

- தக்கை ஒரு கணம் நின்றுபோதல்
- ஓட்டத்துக்குக் குறுக்கே நகர்தல்
- சாய்ந்திருந்தது நிமிர்தல், அல்லது நிமிர்ந்திருந்தது சாய்தல்
- நிமிர்ந்து நிற்காமல் படுத்துவிடுதல். மீன் ஃப்ளையை எடுத்துக்கொண்டு மேலே வந்தால் இப்படி ஆகும்

ஓடையில் கோலைத் தாழ்வாக, கீழ்நீரோட்டப் பக்கம் சுண்ட வேண்டும். மீன் மேல்நோக்கி நிற்பதால் முள் வாயின் ஓரத்தில் பதியும். குட்டையில் இடக்கையால் நூலை ஒரு சாண் இழுத்துக்கொண்டே கோலை உயர்த்தினால் போதும். மணிக்கட்டு அளவிலான அசைவே வேண்டும். பலமாக இழுத்தால், மீன் இல்லாத நேரத்தில் இரண்டு முள்ளும் முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

குட்டையில் தக்கையை அசையாமல் விட்டுவிடக் கூடாது. காற்றலை இருந்தால் அதுவே ஃப்ளையை மேலும் கீழும் ஆட்டும். காற்று இல்லாதபோது 20 நொடிக்கு ஒருமுறை நூலை ஒரு சாண் இழுத்து நிறுத்தலாம். ஃப்ளை எழும்பி மறுபடி இறங்கும் நேரத்தில்தான் கொத்து அதிகம் வரும்.

## குறையும் தீர்வும்

வீச்சுக்கு வீச்சு சிக்கல். காரணம்: வளையம் இறுக்கம், அல்லது நடுவானில் ஆட்டுதல். வீச்சைக் குறைத்து வளையத்தை அகலமாக்க வேண்டும். அப்படியும் சிக்கினால் ஃப்ளைகளுக்கு இடையேயான தூரத்தை 40 செ.மீ.க்குக் கொண்டுவரலாம்.

தக்கை மூழ்கிக்கொண்டே போகிறது. எடைக்கு ஏற்ற பெரிய தக்கை வேண்டும். கம்பளி என்றால் பிழிந்து பசை தடவ வேண்டும்.

கொத்து தெரிகிறது, மீன் மாட்டவில்லை. தக்கைக்கும் கோலுக்கும் இடையே தளர்ந்த நூல் கிடக்கிறது. மிதந்து வரும் வேகத்துக்கு ஈடாக நூலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முள்முனையை நகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், வழுக்கினால் மழுங்கிவிட்டது.

மீன் வயிற்றிலோ செதிலிலோ முள் மாட்டுகிறது. ஃப்ளைகள் மிக நெருக்கம். இடைவெளியை 50 செ.மீ. ஆக்க வேண்டும்.

ஒரே ஃப்ளையில் மட்டும் மீன் மாட்டுகிறது. மற்றதை நீக்கிவிடலாம். ஒற்றை ஃப்ளை வீசுவதற்கும் எளிது.

அவிழ்க்க முடியாத சிக்கல். இரண்டு நிமிடத்தில் அவிழவில்லை என்றால் ஃப்ளைகளை வெட்டி எடுத்துப் புதிதாகக் கட்டுவதே மிச்சம். வெட்டிய நூலைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கரையில் விட்டால் பறவையின் காலைச் சுற்றும்.

## பாதுகாப்பு

முள். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசக் கூடாது. தோலில் முள் ஏறினால், எதிர்முள் நசுக்கிய முள்ளை ஏறிய வழியே பின்னோக்கி இழுத்துவிடலாம். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டால் தொடவே கூடாது. மூடிப் பாதுகாத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது முள். மீன் கைக்கு வரும்போது சும்மா தொங்கும் முள்தான் ஆபத்து. லீடரை மேல் ஃப்ளைக்கு மேலே பிடித்து, மீனைக் கைவலையில் வாங்கி, முதலில் தனியாகத் தொங்கும் முள் எங்கே என்று பார்க்க வேண்டும். அதை வலைக்கு வெளியே ஒதுக்கியபின் மீனைத் தொடலாம். மீன் துள்ளும்போது நூலைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

திடீர் வெள்ளம். மலையில் மழை பெய்தால், அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே ஓடையில் நீர் திரண்டு வரும். மலேசியாவில் கெப்பாலா ஆயர் என்பது இதையே. நீர் சட்டெனக் கலங்குதல், இலையும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலேயிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். அணைகளுக்குக் கீழே மின் உற்பத்திக்காகத் திறக்கும் நீராலும் மட்டம் விரைவாக உயரும். சைரன் ஒலித்தால் உடனே வெளியேற வேண்டும்.

குட்டைக் கரை. ஈயக் குட்டையின் ஓரம் கெட்டியாகத் தெரிந்தாலும் காலடியில் சரியும். சில இடங்களில் களிச்சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். நீரில் இறங்கி நின்று வீசக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. அவசரத்துக்கு 999.

இடி, மின்கம்பி. ஃப்ளை கோல் பெரும்பாலும் கார்பன், மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அடியிலும் தோட்டத்து மின்வேலிக்கு அருகிலும் வீசக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு என்றால் கோலைக் கீழே வைத்துவிட்டு காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். பேராக்கில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலை நேரமே உகந்தது.

நோய். எலிக்காய்ச்சல் தேங்கிய நீர் வழியாகப் பரவும். வெட்டுக்காயத்தை நீர் புகாத பிளாஸ்டரால் மூட வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் குட்டையில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உண்பது. பழைய சுரங்க நீரில் உலோகக் கழிவும் தோட்டத்து வாய்க்காலில் களைக்கொல்லியும் கலந்திருக்கலாம். அங்கே பிடித்த மீனைச் சமைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

## மீனை விடுதலும் மூட்டை கட்டுதலும்

வெப்பமான நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவு. நெடுநேரம் போராடிய மீன் விட்டபின்னும் பிழைக்காது. டிப்பெட் தாங்கும் அளவுக்கு அழுத்தம் கொடுத்து விரைவில் கரை சேர்க்க வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்து ஃபோர்செப்ஸால் முள்ளைக் கழற்ற வேண்டும். ஓடையில் மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக நீந்தும்வரை தாங்க வேண்டும். கெலாவைக் கட்டாயமாகத் திரும்ப விட வேண்டும். மெதுவாக வளரும் மீன் அது, ஆறுகளில் அருகிவருகிறது.

இரட்டை ஃப்ளை அமைப்பை அப்படியே ரீலில் சுற்றி வைத்தால் மறுமுறை சிக்கலோடுதான் வெளியே வரும். அடி ஃப்ளையை ஒரு ஃபோம் துண்டில் குத்தி, நூலை அதன்மேல் சுற்றி, மேல் ஃப்ளையையும் குத்திய பின்பு லீடரிலிருந்து வெட்டி எடுத்து வைக்கலாம். துண்டின் ஓரத்தில் டிப்பெட்டின் எக்ஸ் எண்ணையும் ஃப்ளைகளுக்கு இடையேயான தூரத்தையும் எழுதிவிட்டால், அடுத்த முறை ஒரே முடிச்சில் அமைப்பு தயார்.